திருநாள் சந்தை

நுழையும்முன்

மழையை நம்பி வாழும் கரிசல் நிலத்துக் குடும்பங்களுக்கு ஆடு என்பது நடமாடும் சேமிப்பு. அச்சேமிப்பு பணமாக மாறும் நாளைத் தீர்மானிப்பவை திருவிழாக்கள். ஒரே கிடா ஒரு வாரத்தில் ஒரு விலைக்கும் மறுவாரத்தில் வேறொரு விலைக்கும் விற்பது ஏன்? நாளைக் கணித்து வளர்ப்பவருக்கும் தேவை நெருக்கும்போது விற்பவருக்கும் இடையே உள்ள வேறுபாடு எத்தகையது? இவற்றை ஆராய்கிறது இப்பாடம்.

முதலும் வட்டியும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடர் பலமுறை இடம்பெறுகிறது. கோவிலில் ஒரு நந்தா விளக்கை எந்நாளும் எரிப்பதற்கென 96 ஆடுகளைக் கொடையாக அளிப்பது அன்றைய வழக்கம். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோவிலுக்கு அளந்து வந்தார். ஆடு சாகாதா? மூப்படையாதா? சாகும்; மூப்படையும். ஆனால், அவை ஈனும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காத்து வருவது இடையரின் பொறுப்பு. கணக்கில் 96 என்பது என்றும் 96தான். அதனால்தான் அந்த ஆடுகள் சாவாதவை, மூவாதவை எனப் பெயர் பெற்றன.

முதலைத் தொடாமல் அதன் பயனை மட்டும் நுகர்வது அந்தக் கல்வெட்டுகள் காட்டும் பொருளியல். அதே பொருளியல் இன்றும் சிற்றூர்களின் ஆட்டுப்பட்டிகளில் உயிரோடிருக்கிறது. பெட்டை ஆடு முதல்; அது ஈனும் கிடாக்குட்டி வட்டி. பெட்டைக்குட்டியைப் பட்டியில் நிறுத்திக்கொள்வர். கிடாக்குட்டியை வளர்த்து விற்பர். மகளின் கல்லூரிக் கட்டணம், கூரை வேயும் செலவு, மருத்துவச் செலவு, வட்டிக்கடை நகையை மீட்கும் தொகை ஆகிய யாவும் அந்தக் கிடாவின் கயிற்றிலேயே கட்டப்பட்டுள்ளன.

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 இலட்சம் வெள்ளாடுகளும் 45 இலட்சம் செம்மறியாடுகளும் இருந்தன. இவற்றுள் பெரும்பகுதி, நிலமற்றோரும் சிறு உழவர்களும் நான்கு, ஐந்து என வளர்ப்பவை. 2011ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா ஆடுகள் வழங்கும் திட்டத்திலும் ஒரு குடும்பத்திற்கு நான்கு ஆடுகளே அளிக்கப்பட்டன. நான்கு ஆடுகள் சிறிய எண்ணிக்கைதான். ஆயினும், அவற்றின் குட்டிகளை எந்த நாளில் விற்பது என்னும் கேள்வி ஒரு குடும்பத்தின் ஓராண்டு வாழ்வையே மாற்ற வல்லது.

நாட்காட்டியின் பக்கங்கள்

ஆட்டிறைச்சியின் தேவை ஆண்டு முழுவதும் சீராக இருப்பதில்லை. புரட்டாசி பிறந்தால் பல வீடுகளில் இறைச்சி சமைப்பதில்லை. சந்தையில் விலை இறங்கும். ஐப்பசியில் தீபாவளி வரும். இறங்கிய விலை சட்டென ஏறும். கார்த்திகையிலும் மார்கழியிலும் ஐயப்பனுக்கு மாலையிட்டோரின் விரதத்தால் மீண்டும் ஒரு தொய்வு. தைப்பொங்கலை ஒட்டி விற்பனை சூடுபிடிக்கும். மாசியில் சிவராத்திரியன்று குலதெய்வக் கோவில்களை நாடிச் செல்வோர், பங்குனி, சித்திரை மாதங்களில் தென்மாவட்டக் கோவில் கொடைகள், ஆடியில் அம்மன் கோவில் திருவிழாக்கள் எனத் தேவை அலையலையாக எழும்.

மதுரை மாவட்டம் திருமங்கலம் அருகிலுள்ள வடக்கம்பட்டி முனியாண்டி கோவில் திருவிழாவில் நேர்ச்சையாக வந்த கிடாக்களைக் கொண்டு பிரியாணி சமைத்து, வந்தோர் அனைவருக்கும் வழங்குகின்றனர். தென்மாவட்டங்களில் புனித அந்தோணியார் ஆலயங்கள் சிலவற்றிலும் நேர்ச்சைக் கிடாவைச் சமைத்து ‘அசனம்’ என்னும் பொதுவிருந்து படைக்கும் வழக்கம் உண்டு. ரமலான் பெருநாளும் பக்ரீத்தும் இசுலாமியரின் இல்லங்களில் ஆட்டின் தேவையை உயர்த்துகின்றன. பக்ரீத் நாளில் குர்பானி கொடுக்கும் ஆட்டின் இறைச்சியை மூன்று பங்காக்கி ஒன்றைத் தமக்கும், ஒன்றை உற்றாருக்கும், ஒன்றை ஏழைகளுக்கும் வழங்குவது மரபு.

இதனால் ஆடு வளர்ப்போரின் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் எல்லாச் சமயத்தாரின் நாள்களும் சம மதிப்புப் பெறுகின்றன. வானில் பிறை தென்பட்டதா என்று கேட்டறிவதில் இசுலாமியருக்கு இருக்கும் ஆவல் கரிசல் காட்டு இடையருக்கும் இருக்கிறது. பிறர் சமயத்தின் நாள்களை அறிந்து வைத்திருப்பது அவருக்கு அன்றாடத் தொழிலறிவு.

பின்னோக்கி எண்ணுதல்

திருநாள் வந்தபின் கிடாவைத் தேட முடியாது. திருநாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள்கள். ஆடி மாதத்தில் பொலிகிடாவோடு சேர்ந்த பெட்டை மார்கழியில் குட்டி ஈனும். ஐப்பசி, கார்த்திகை மழையால் காடு பசுமை கொண்டிருக்கும் காலம் அது. தாய்க்குத் தழை கிடைக்கும். குட்டிக்குப் பால் குறையாது. கோடையில் புல் கருகினாலும் சீமைக்கருவேல நெற்று ஆடுகளுக்குக் கைகொடுக்கும். அடுத்த ஐப்பசியில் அக்குட்டி பத்துமாதக் கிடாவாகச் சந்தைக்கு ஆயத்தமாகும். ஆகவே, அடுத்த ஆண்டுத் தீபாவளிக்கு விற்க வேண்டிய கிடா இந்த ஆண்டு ஆடியிலேயே கருக்கொண்டிருக்க வேண்டும்.

பக்ரீத்திற்குரிய கணக்கு இன்னும் நுட்பமானது. குர்பானிக்குரிய வெள்ளாடு ஓராண்டு நிறைந்ததாக இருக்க வேண்டும் என்பது நெறி. சினைக்காலத்தையும் சேர்த்தால் பதினேழு மாதங்களுக்கு முன்பே திட்டமிட வேண்டும். மேலும், இசுலாமிய ஆண்டு சந்திரனின் ஓட்டத்தை மட்டுமே பின்பற்றுவதால் ஏறத்தாழ 354 நாள்களைக் கொண்டது. அதனால் பக்ரீத் ஒவ்வோர் ஆண்டும் பத்து முதல் பன்னிரண்டு நாள்கள் முன்னதாக வரும். 2023இல் ஜூன் 29 அன்று வந்த பெருநாள், 2024இல் ஜூன் 17 அன்றும் 2025இல் ஜூன் 7 அன்றும் வந்தது. சென்ற ஆண்டின் நாளை நினைவில் வைத்துக்கொண்டு குட்டியை வளர்ப்பவர், சில ஆண்டுகளில் ஒரு மாதம் பிந்திவிடுவார். எழுத்தறியாத முதியோர் பலர் விரல்விட்டு எண்ணி இக்கணக்கைப் பிழையின்றிச் சொல்வர்.

வேண்டுவோர் வேண்டும் கிடா

எல்லாத் திருநாளுக்கும் ஒரே கிடா பொருந்தாது. தீபாவளிக்கு வாங்குவோர் இறைச்சியின் அளவையும் இளமையையும் பார்க்கின்றனர். பக்ரீத்திற்கு வாங்குவோர் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கின்றனர். முன்வரிசைப் பால்பற்களுள் இரண்டு விழுந்து நிலைப்பற்கள் முளைத்திருந்தால் ஓராண்டு கடந்தது உறுதி. கண் பழுது, நொண்டல், நோய், மிகுந்த மெலிவு ஆகியவை உள்ள ஆட்டைக் குர்பானிக்கு ஏற்பதில்லை. கொம்பும் காதும் வாலும் பழுதின்றி இருப்பதை விரும்புகின்றனர். எனவே, அடையாளத்திற்காகக் காதை வெட்டும் பழக்கமுள்ளோர், பக்ரீத்திற்கென வளர்க்கும் குட்டியை மட்டும் வெட்டாமல் விட்டுவைக்கின்றனர்.

கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டோர் மறுவில்லாத கருங்கிடாவைத் தேடி ஊர் ஊராக அலைகின்றனர். அத்தகைய கிடாவுக்குச் சந்தையில் எடையைக் கடந்த விலை உண்டு. கோவிலில் மஞ்சள்நீரைத் தெளித்ததும் கிடா உடலைச் சிலிர்த்தால்தான் தெய்வம் ஏற்றுக்கொண்டதாகக் கருதுவது ஊர் வழக்கு. தம் வீட்டுக் குட்டியையே தெய்வத்திற்கு நேர்ந்துவிட்ட குடும்பம், எத்துணை வறுமை வந்தாலும் அதனை விற்பதில்லை. அது பட்டியில் நின்றாலும் கணக்கில் இல்லை.

தெரிந்து தெளிவோம்

தொல்காப்பிய மரபியல் மோத்தை, தகர், உதள், அப்பர் ஆகியவற்றை ஆட்டின் ஆண்பாற்பெயர்களாகக் குறிப்பிடுகிறது. ஓர் உயிரினத்தின் ஆண்பாலுக்கு மட்டும் இத்தனை பெயர்கள் வழங்கியமை, அவ்வுயிரினத்தோடு தமிழர் கொண்டிருந்த நெருக்கத்தைக் காட்டும்.

எட்டயபுரத்துச் சனிக்கிழமை

தமிழ்நாட்டில் ஆட்டுச் சந்தைகளுக்கெனத் தனிக்கிழமைகள் உள்ளன. மேலப்பாளையத்தில் செவ்வாய், அய்யலூரில் வியாழன், செஞ்சியிலும் திருமங்கலத்திலும் வெள்ளி, எட்டயபுரத்தில் சனி. பாரதி பிறந்த ஊராக மாணவர் அறிந்த எட்டயபுரம், தென்மாவட்ட ஆடு வளர்ப்போருக்குச் சந்தையால் அறிமுகமான ஊர்.

வெள்ளி இரவே சிறு சரக்கு வண்டிகள் வந்து சேரத் தொடங்கும். விடிவதற்குள் திடல் முழுவதும் ஆடுகளின் குரலும் புழுக்கை மணமும் நிறைந்துவிடும். கருநிற உடலும் முகத்தில் வெள்ளைக் கோடுகளும் கொண்ட கன்னி ஆடுகள் ஒருபுறம். நெடிய கால்களும் வெள்ளை உடலில் கருமையோ செம்மையோ தெறித்தாற்போன்ற நிறமும் கொண்ட கொடி ஆடுகள் மறுபுறம். அருகிலுள்ள வேம்பூரின் பெயரைத் தாங்கிய செம்மறிகள் உடலெங்கும் செம்புள்ளிகளோடு கூட்டமாக நிற்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பக்ரீத்திற்கும் முந்தைய சனிக்கிழமைகளில் இத்திடல் கொள்ளாத கூட்டம் வரும். கோடிக்கணக்கான ரூபாய்க்கு ஆடுகள் விற்பனையாயின என்னும் செய்தி மறுநாள் நாளிதழ்களில் வெளிவரும்.

அந்தக் கோடிகளுள் வளர்த்தவரின் கைக்குச் சென்றது எவ்வளவு என்பதை அச்செய்தி சொல்வதில்லை.

துண்டுக்கடியில் விரல்கள்

சந்தையில் விலை உரக்கச் சொல்லப்படுவதில்லை. வாங்குபவரும் விற்பவரும் கைகளைக் கோத்துக்கொள்ள, அவற்றின்மீது ஒரு துண்டு விழும். விரல்களைப் பற்றியும் விடுத்தும் விலை கேட்கப்படும், மறுக்கப்படும், முடிவாகும். சுற்றி நிற்போருக்கு ஒன்றும் புலப்படாது. அந்த விரல்மொழியை நன்கறிந்தவர் தரகர். வாரம் தவறாமல் சந்தைக்கு வருகின்ற அவருக்கு அன்றைய விலைப்போக்கு தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு கிடாக்களோடு வருபவருக்கு அது தெரியாது.

ஆடு மேய்ப்பதும் தழை ஒடிப்பதும் குட்டிக்குப் பாலூட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். சந்தையிலோ பெண்களை மிகுதியாகக் காண இயலாது. வந்து நிற்கும் ஒரு சிலரிடம் நடைபெறும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் அமையும்:

“ஏம்மா, கிடாவுக்கு என்ன வெல சொல்லுத?”

“நீங்கதான் பாத்துக் கேக்கணும் அண்ணாச்சி.”

“ஆறு தாரேன். மழ வேற கூடுது. நனைஞ்சா கிடா சடஞ்சி போவும் தாயி. அவுத்து விடு.”

“ஆறுக்குக் குடுக்கவா பத்து மாசம் தீனி போட்டேன்? நனைஞ்சாலும் பரவால்ல அண்ணாச்சி.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை அவர் அறியாதவர் அல்லர். எனினும், அப்படி மறுத்து நிற்கும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. திரும்பிச் செல்ல வண்டிக்கூலி, மறுநாள் கட்ட வேண்டிய கடன், வீட்டில் நோயாளி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று பின்னாலிருந்து தள்ளினால் அந்த ‘ஆறு’ ஏற்கப்பட்டுவிடும்.

எடையும் விலையும்

குத்துமதிப்பாக விற்கும் வழக்கமே வளர்ப்போரின் பெரும் இழப்புக்குக் காரணம். தராசு இல்லாவிட்டாலும் ஒரு நூலும் அளவுகோலும் போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பின் சுற்றளவை அங்குலத்தில் அளக்க வேண்டும். தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பின் முனைவரை நீளத்தை அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதனை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் உயிர் எடை ஏறத்தாழக் கிலோகிராமில் கிடைக்கும்.

மார்புச் சுற்றளவு 25 அங்குலம், நீளம் 24 அங்குலம் உள்ள கிடா ஒன்றை எடுத்துக்கொள்வோம். 25ஐ 25ஆல் பெருக்க 625; அதனை 24ஆல் பெருக்க 15,000; 660ஆல் வகுக்க ஏறத்தாழ 22.7 கிலோ. உயிர் எடையில் 45 முதல் 50 விழுக்காடு இறைச்சியாகும். ஆகவே, அக்கிடா பத்துக் கிலோவுக்குக் குறையாமல் இறைச்சி தரும். ஒரு கிலோ 800 ரூபாய் எனக் கொண்டால் இறைச்சி மட்டுமே 8,000 ரூபாய் பெறும். தலை, கால், குடல், தோல் ஆகியவற்றின் விலை தனி. வணிகருக்கும் வண்டிச் செலவும் உழைப்பும் ஊதியமும் உண்டு. அவற்றைக் கழிப்பது முறையே. ஆனால், இந்தக் கணக்கை அறிந்தவர் ஆறாயிரத்திற்கு இசைவதற்கு முன் ஒருமுறை சிந்திப்பார்.

கணக்கறிந்தோர் நாளையும் அறிந்திருக்கின்றனர். திருநாளுக்கு முந்தைய கடைசிச் சந்தையே உயர்ந்த விலை தரும் என்று பலர் எண்ணுவர். பெருவணிகரோ அதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே வாங்கிக் குவித்துவிடுவர். கடைசிச் சந்தையில் ஆடுகள் குறைந்தால் விலை ஏறும், மிகுந்தால் சரியும். ஆகவே, பட்டறிவு மிக்கோர் இரண்டு கிடாக்கள் இருந்தால் ஒன்றை முதற்சந்தையிலும் மற்றொன்றை அடுத்த சந்தையிலும் விற்கின்றனர். சில ஊர்களில் நான்கைந்து வீட்டார் ஒன்றுகூடி ஒரே வண்டியில் ஆடுகளை ஏற்றி வருகின்றனர். வண்டிக்கூலி குறைகிறது, துணை இருப்பதால் பேரத்தில் துணிவும் பிறக்கிறது.

நாள் தவறினால்

திருநாளை நம்பிய வணிகத்தின் பலமும் அதுவே, பலவீனமும் அதுவே. பெருநாளுக்குச் சில வாரங்களே இருக்கும் நிலையில் ஆட்டுக்கொல்லி நோயோ துள்ளுமாரியோ பட்டியில் புகுந்தால் ஓராண்டு உழைப்பு ஓரிரு நாள்களில் அழியும். உரிய காலத்தில் தடுப்பூசி போடுதலும், சந்தையிலிருந்து திரும்பிய ஆட்டைச் சில நாள்கள் தனியே கட்டுதலும் இதற்குரிய காப்பு.

மனிதர் உலகின் நிகழ்வுகளும் சந்தையைத் தாக்குகின்றன. 2020ஆம் ஆண்டில் பக்ரீத் ஆகஸ்ட் 1 அன்று வந்தது. பெருந்தொற்றுக் காலமாதலால் வாரச்சந்தைகள் மூடப்பட்டிருந்தன. பதினேழு மாதக் கணக்கோடு வளர்ந்த கிடாக்கள் பட்டிகளிலேயே நின்றன; தீனிச்செலவு மட்டும் நிற்கவில்லை. 2024இல் ரமலான் பெருநாள் ஏப்ரல் 11 அன்றும் மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19 அன்றும் வந்தன. தேர்தல் நடத்தை விதிகளின்படி 50,000 ரூபாய்க்கு மேல் உரிய ஆவணமின்றி எடுத்துச் செல்ல இயலாது. கையில் பணத்தோடு வந்து பழகிய வணிகர்கள் சந்தைக்கு வரத் தயங்கினர். திருநாள் கடந்துவிட்டால் அதே கிடாவைக் கேட்போர் குறைவர். அடுத்த திருநாள்வரை காத்திருக்க இயன்றவர் காத்திருந்தனர். இயலாதவர் கிடைத்த விலைக்கு விற்றனர்.

முதலைக் காத்தல்

கிடாவைக் குறைந்த விலைக்கு விற்றவருக்கு வட்டியில் இழப்பு. அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கிடா தந்த பணம் தேவைக்குப் போதாதபோது பெட்டையைப் பிடித்துக் கொடுக்க நேர்வதே அது. சினைப் பெட்டை சந்தைக்கு வருகிறது என்றால், அதன் பின்னால் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் இடர் நடந்து வருகிறது என்று பொருள். பெட்டையோடு அடுத்த ஆண்டின் தீபாவளிக் கிடாவும் அதற்கடுத்த ஆண்டின் பக்ரீத் கிடாவும் சேர்ந்தே விலைபோகின்றன. நான்கு ஆடுகளைப் பெற்ற குடும்பம் சில ஆண்டுகளில் பதினைந்து ஆடுகளோடு தலைநிமிர்வதும், மற்றொரு குடும்பம் வெறும் பட்டியோடு நிற்பதும் இந்த ஓரிடத்தில்தான் பிரிகின்றன.

நாளறிவும் எடையறிவும் பேரத்துணிவும் பெட்டையைக் காப்பதற்கான வழிகளே. கிடாவுக்கு உரிய விலை கிடைத்தால் பெட்டை பட்டியில் தங்கும். சோழர் காலத்து இடையர் தம் பொறுப்பில் இருந்த 96 என்னும் எண்ணைக் குறையாமல் காத்தார். கரிசல் காட்டுத் தாய் ஒருத்தி காப்பது நான்கு என்னும் எண்ணை. அவர் விளக்கு கோவிலில் எரிந்தது. இவள் விளக்கு வீட்டில் எரிகிறது. மாலையில் ஆடுகள் காடு விட்டுத் திரும்பும்போது படலைத் திறந்து வைத்து அவள் எண்ணுகிறாள். பெட்டைகளின் எண்ணிக்கை குறையாதவரை வரும் திருநாள் அவளுக்கும் உரிய திருநாளே.